பதினைந்து வினாடிக்கு ஏன் இவ்வளவு விலை: ஸ்டாப் மோஷன் விளம்பரத்தின் செலவுக் கணக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் கடை நடத்துபவர்கள், பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலாத் தூளும் பலகாரமும் விற்பவர்கள், வீட்டிலிருந்தே ஊறுகாய் போட்டு இணையத்தில் விற்பவர்கள் எனப் பலரும் இப்போது தங்கள் பொருளுக்கு ஒரு ஸ்டாப் மோஷன் காணொளி (பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் புகைப்படமாக எடுத்து, அவற்றை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுவது) இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். மிளகாய் வற்றல்கள் தாமாக வரிசை கட்டி வந்து பாக்கெட்டுக்குள் புகுவதையோ, முறுக்கு உருண்டு வந்து டப்பாவின் மூடியைத் திறப்பதையோ கைப்பேசியில் பார்க்கும்போது அது எளிமையாகவும் கைவேலையின் அழகோடும் தெரிகிறது. விலைக்குறிப்பு வந்து சேர்ந்ததும்தான் அதிர்ச்சி. பதினைந்து வினாடிக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டா என்று கேட்பவர்கள் உண்டு. வினாடிக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், நீளத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசுபவர்களும் உண்டு. வினாடிக் கணக்கில் விலை கேட்பதே இந்தத் தொழிலில் தவறான தொடக்கம் என்பது என் கருத்து. இங்கே பணம் வினாடிகளுக்காகச் செலவாவதைவிட, படம் எடுப்பதற்கு முன் எடுக்கப்படும் முடிவுகளுக்காகவும், முன்பே எடுக்காமல் விட்ட முடிவுகளுக்காகவும்தான் அதிகம் செலவாகிறது.

அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுகின்றன. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பில் 25. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்திக் காட்டுவது நெடுநாளைய வழக்கம் என்பதால், வினாடிக்கு 12 தனித்தனிப் புகைப்படங்கள் எடுத்தால் போதும். அப்படிப் பார்த்தால் பதினைந்து வினாடிக்கு 180 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பொருளை நகர்த்தி, முந்தைய படத்தோடு திரையில் ஒப்பிட்டு, கையை விலக்கி, ஒளி மாறவில்லை என்று உறுதிசெய்து எடுக்க மூன்று நிமிடம் ஆனால் மொத்தம் ஒன்பது மணி நேரம். ஐந்து நிமிடம் ஆனால் பதினைந்து மணி நேரம். ஆகவே எளிய மேசைக் காட்சியாக இருந்தால் படப்பிடிப்பு இரண்டு நாளில் முடிந்துவிடும். இரண்டு நாள் வேலைக்கா இத்தனை பணம் என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அந்த இரண்டு நாளைச் சுற்றி இருக்கும் நாட்களை எண்ணினால் பதில் கிடைக்கும். கதையை யோசித்து, காட்சிகளை வரைந்து, அந்த வரைபடங்களையே நேரத்துக்கு ஏற்ப அடுக்கி ஒரு மாதிரிக் காணொளி செய்ய இரண்டு நாள். பொருட்களையும் பின்னணியையும் தயாரிக்க இரண்டு நாள். விளக்கு, கேமரா, மேசை ஆகியவற்றைப் பொருத்திச் சோதிக்க ஒரு நாள். அதன் பிறகு படப்பிடிப்பு இரண்டு நாள். பொருட்களைப் பிடித்து நிறுத்திய கம்பிகளையும் தாங்கிகளையும் படத்திலிருந்து அழிக்க இரண்டு நாள். வண்ணம் சரிசெய்து, ஒலி சேர்த்து ஒப்படைக்க ஒரு நாள். ஆக மொத்தம் பத்து நாள். இவற்றுக்கு விலை போட்டுப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. இவற்றைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலைஞருக்கு ஒரு நாளைக்கு 700 ரிங்கிட் என்றால் பத்து நாளைக்கு 7,000. உதவியாளர் ஐந்து நாள் இருக்கிறார், நாளுக்கு 250 என்றால் 1,250. தயாரிப்புப் பொருட்களுக்கு 600. கேமராவும் விளக்குகளும் மூன்று நாளைக்கு 900. குரலுக்கும் இசை உரிமத்துக்கும் 700. கூட்டினால் 10,450 ரிங்கிட். சேவை வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால், 2024 மார்ச் முதல் நடப்பில் உள்ள 8 விழுக்காடு இதன் மேல் சேரும்.

இந்தத் தொகையில் படப்பிடிப்பு நடக்கும் இரண்டு நாளுக்கு உரிய பங்கு 2,500 ரிங்கிட்தான். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதே மேசையில், அதே ஒளியில், அதே பொருட்களை வைத்து இன்னொரு பதினைந்து வினாடி எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். படப்பிடிப்புக்கு இரண்டு நாளும் கம்பிகளை அழிக்க இரண்டு நாளும் கூடும். அதாவது 3,900 ரிங்கிட். முதல் பதினைந்து வினாடிக்கு வினாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 700 ரிங்கிட் ஆயிற்று. அடுத்த பதினைந்துக்கு 260 மட்டுமே. நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் விலையும் பாதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான். ஒரே ஏற்பாட்டில் நான்கு சிறு காணொளிகளை எடுத்துக்கொள்பவர் தன் பணத்துக்கு நல்ல பயன் பெறுகிறார். ஆனால் இரண்டாவது பதினைந்து வினாடியில் புதுப் பின்னணியும் புதுக் கதாபாத்திரமும் வேண்டும் என்றால் இந்தச் சலுகை மறைந்துவிடும், ஏனென்றால் ஆயத்த வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆயத்த வேலை என்று பொதுவாகச் சொல்லும்போது அதன் கனம் வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு மசாலாப் பாக்கெட் தானாகத் திறந்துகொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்வோம். திரையில் அது இரண்டு வினாடி ஓடும். பளபளக்கும் உறையில் கேமராவும் விளக்கும் கலைஞரின் முகமும் பிரதிபலிக்கும் என்பதால், சுற்றிலும் வெள்ளை அட்டைகளை நிறுத்தி அந்தப் பிரதிபலிப்பை முதலில் அடக்க வேண்டும். உறையை மடித்து நிறுத்தினால் அது நிற்காது, மெல்ல மெல்ல விரிந்துகொண்டே இருக்கும். அதனால் உட்புறத்தில் மெல்லிய அலுமினியக் கம்பியை ஒட்டி, வளைத்த நிலையிலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். ஒருமுறை கிழித்த வாயை மறுபடி மூட முடியாது என்பதால், ஒரே அச்சில் வந்த பல பாக்கெட்டுகளை வாங்கி, ஒன்றைச் சிறிதளவும் அடுத்ததை இன்னும் கொஞ்சமும் மூன்றாவதைப் பாதியளவும் எனப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை அதே இடத்தில் வைக்க வேண்டும். இருபது பாக்கெட் அனுப்பச் சொன்னால், ஒரு பாக்கெட்டைப் படம் எடுக்க இருபது எதற்கு என்று கடைக்காரர் கேட்பது நியாயமே. எதற்கென்றால், அதில் நான்கைந்தின் அச்சு சற்று விலகியிருக்கும், இரண்டு மூன்றின் மூலை மடிந்திருக்கும், மீதியைத்தான் வெட்ட முடியும். இந்த வேலைக்கு அரை நாள் போய்விடும்; படத்தில் தெரிவது இரண்டு வினாடி.

பொருள் காற்றில் மிதக்க வேண்டும் என்றால் செலவு வேறு பக்கம் போகிறது. பாக்கெட்டைப் பின்னாலிருந்து ஒரு கம்பி தாங்கிப் பிடிக்கும். பிறகு கணினியில் அந்தக் கம்பியை ஒவ்வொரு படத்திலும் அழிக்க வேண்டும். அதற்காகப் பொருளே இல்லாத வெறும் பின்னணியை முன்கூட்டியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஐந்து வினாடி மிதந்தால் 60 படங்கள். படத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம். அதே பொருள் மேசையிலேயே ஊர்ந்து வந்தால் இந்த ஐந்து மணி நேரமும் மிச்சம். கதையை வரைந்து பார்க்கும் கட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுத்தால் வாடிக்கையாளரின் பணம் குறையும். பேசாமல் போனால் அது விலைக்குறிப்பில் ஓர் எண்ணாக வந்து நிற்கும்.

நம் ஊருக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ வைப்பது பார்வைக்கு மலிவான வழி. ஆனால் அந்த மாடிகளின் தரை பெரும்பாலும் மரப்பலகை. ஒருவர் நடந்தால் பலகை அசையும். கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் திரையில் பின்னணி முழுவதும் துள்ளுவது தெரியும். அதனால் கீழ்த்தளச் சிமெண்டுத் தரையில், கேமராத் தாங்கியின் கால்களைத் தரையோடு ஒட்டிவிட்டு வேலை செய்பவர் கூடுதல் வாடகை கொடுத்தும் நிம்மதியாக இருக்கிறார். சன்னல் வெளிச்சத்தை நம்பவே கூடாது. பிற்பகல் மழைக்கு முன் வானம் இருண்டால் அந்த இருளும் படத்தில் பதிந்து, ஓட்டிப் பார்க்கும்போது ஒளி துடிக்கும். கலைஞர்கள் கறுப்புச் சட்டை அணிந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நின்றுகொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். வெள்ளைச் சட்டையிலிருந்து தெறிக்கும் ஒளிகூடப் பொருளின் மேல் விழும். புதிய லென்ஸ்களில் ஒளி நுழையும் துளை ஒவ்வொரு முறையும் தானாகச் சுருங்கி விரிகிறது. இம்மியளவு வேறுபட்டுச் சுருங்கினாலும் அதுவும் துடிப்பாகத் தெரியும். துளையைக் கையால் திருப்பி வைக்கும் பழைய லென்ஸ் இந்த வேலைக்குச் சிறந்தது, விலையும் குறைவு.

உணவுப் பொருள் என்றால் நேரமே எதிரி. முறுக்கு நல்ல நடிகர். இரண்டு நாள் ஆனாலும் உருவம் மாறாது. வாழையிலையோ சில மணி நேரத்தில் ஓரம் சுருண்டு நிறம் கறுக்கத் தொடங்கிவிடும்; ஆகவே இலை வரும் காட்சியை ஒரே மூச்சில் எடுத்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே அளவில் பல இலைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தோசை துவண்டுவிடும், நெய்ப் பலகாரத்தின் பளபளப்பு மங்கும், சாக்லேட் இளகும். எண்ணெய் கலந்த களிமண்ணில் செய்த உருவங்கள் வெப்பத்தில் மென்மையாகி, விரல்பட்ட இடமெல்லாம் ரேகை பதியும். குளிர்சாதனம் நாள் முழுவதும் ஓட வேண்டும். பார்வைக்குச் சிறு செலவுகள்தான். ஆனால் இவற்றை எண்ணாமல் குறைந்த விலை சொன்ன கலைஞர் பாதியில் திணறும்போது அந்த நட்டம் இரு தரப்பையும் பிடிக்கிறது.

பொருளை மட்டும் நகர்த்துவதற்கும் ஒரு பாத்திரத்தை நடிக்க வைப்பதற்கும் இடையே செலவில் பெரும் பள்ளம் இருக்கிறது. மேசைப் பொருட்களை வைத்து ஒரு நாளில் ஏழெட்டு வினாடி எடுக்க முடியும். உள்ளே மூட்டுக்கம்பி வைத்த பொம்மையை நடக்கவும் சிரிக்கவும் வைத்தால் வேகம் மளமளவென்று விழுந்துவிடும். முழுநீளப் பொம்மைப் படங்களில் ஒரு கலைஞர் ஒரு நாளில் எடுப்பது ஏறக்குறைய இரண்டு வினாடிதான். பொம்மைக்குள் இருக்கும் அலுமினியக் கம்பி திரும்பத் திரும்ப வளைந்து முறியும் என்பதால் மாற்றுப் பொம்மையும் வேண்டும். விளம்பர உலகம் இதை வெகுநாளாகவே அறியும். பொம்மைப் படக் கலைஞர் ஜார்ஜ் பால் 1930-களில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்குச் செய்த விளம்பரப் படங்களில், ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி மரப் பொம்மையோ தலையோ காலோ செதுக்கி மாற்றி வைக்கும் முறையைக் கையாண்டார். அமெரிக்காவின் பில்ஸ்பரி மாவு நிறுவன விளம்பரங்களில் 1965-இல் அறிமுகமான மாவுப் பையன் என்ற பொம்மைக்கு ஐந்து உடல்களும் பதினைந்து தலைகளும் செய்யப்பட்டன. அதற்கான செலவு அன்றைய மதிப்பில் 16,000 டாலர். பின்னாளில் அதே பையன் கணினி வரைகலைக்கு மாறினான்.

இன்னொரு பழைய விளம்பரமும் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். கலிபோர்னியாவின் உலர்திராட்சை வாரியத்துக்காக வில் வின்டனின் நிறுவனம் களிமண்ணில் செய்த பாடும் திராட்சைகள் 1986-இல் வெளிவந்து அமெரிக்கா முழுவதும் கொண்டாடப்பட்டன; பொம்மைகளும் சட்டைகளுமாக விற்றன. அப்படியும் அந்த விளம்பரங்களுக்கு நிதி கொடுத்த வாரியம் 1994-இல் மூடப்பட்டது. வாரியத்துக்காகத் தங்களிடம் வசூலிக்கப்பட்ட கட்டணம் நியாயமானதா என்பதில் விவசாயிகளுக்குள் ஒற்றுமை இல்லை. விளம்பரம் புகழ் பெறுவதும், பணம் போட்டவர் அதனால் பயன் பெறுவதும் இரு வேறு கணக்குகள். எல்லாரும் பாராட்டினார்கள் என்பதை வைத்து அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு செலவழிக்கும் சிறு வியாபாரியைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

செலவு கட்டுக்கடங்காமல் போவது பெரும்பாலும் திருத்தங்களில். நேரடிப் படப்பிடிப்பில் ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைத்திருப்பார்கள், தொகுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். கணினி வரைகலையில் கேமராவைப் பிறகும் திருப்பலாம், பாக்கெட்டின் நிறத்தையும் மாற்றலாம். ஸ்டாப் மோஷனில் எடுத்தது எடுத்ததுதான். மஞ்சள் பாக்கெட் முதலில் வரட்டும், மிளகாய் பிறகு வரட்டும் என்று படப்பிடிப்புக்குப் பின் ஒருவர் சொன்னால், கலைத்துவிட்ட மேசையை மறுபடி அமைத்து, ஒளியைப் பழைய நிலைக்கு அளந்து பொருத்தி, அந்தக் காட்சியை முதல் படத்திலிருந்து எடுக்க வேண்டும். நான் மேலே போட்ட கணக்கின்படி மூன்று வினாடிக் காட்சி ஒன்றை மறுபடி எடுக்க, ஏற்பாட்டுக்கும் படப்பிடிப்புக்கும் சேர்த்து ஒன்றரை நாளாவது போகும். வரைபடக் கட்டத்தில் அதே மாற்றத்துக்கு ஆவது பத்து நிமிடம். குடும்பத் தொழில்களில் இது இன்னும் சிக்கல்: அண்ணன் ஒப்புக்கொண்ட வரைபடத்தை முடிந்த படத்தில்தான் அப்பா முதன்முதலாகப் பார்க்கிறார், அவருக்குப் பிடிக்கவில்லை. முடிவு சொல்லும் உரிமை யாருக்கோ அவரே மாதிரிக் காணொளியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கலைஞர் வற்புறுத்துவதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அந்தக் கையெழுத்துதான் வாடிக்கையாளரின் பணத்துக்குக் காவல்.

உறையில் வரும் மாற்றமும் கவனிக்க வேண்டியது. ஹலால் சின்னம் கிடைத்து அதை உறையில் சேர்க்கப் போகிறீர்களா, எடையை மாற்றப் போகிறீர்களா, லேபிளைப் புதிதாக வரையச் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் அது முடியும்வரை படப்பிடிப்பைத் தள்ளிவைப்பதே நல்லது. பழைய உறை தெரியும் 180 படங்களிலும் லேபிளை மாற்றி ஒட்டுவது, புதிதாக எடுப்பதைவிடச் சில வேளைகளில் அதிகச் செலவு பிடிக்கும். மூலிகைத் தைலம், லேகியம் போன்றவற்றை நோய் தீர்க்கும் பொருளாக விளம்பரம் செய்தால், மருந்துகள் விளம்பரம், விற்பனை குறித்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். வாசகங்களைப் படத்துக்குள்ளேயே எழுத்துப் பொம்மைகளாக நகர்த்தி எடுத்துவிட்டுப் பிறகு அனுமதிக்குப் போனால், வாரியம் ஒரு சொல்லை நீக்கச் சொன்னாலும் அந்தக் காட்சி வீண். எழுத்தைக் கணினியில் தனியாகச் சேர்ப்பது பாதுகாப்பு.

குறைந்த செலவில் செய்ய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கைப்பேசியை அசையாமல் பிடிக்கும் ஒரு தாங்கி, சன்னலை அடைத்த ஓர் அறை, இரண்டு எல்இடி விளக்குகள், ஒளியளவையும் வண்ணத்தையும் பூட்டி வைக்கும் ஒரு செயலி ஆகியவை இருந்தால் ஆறு வினாடிக் காணொளியைக் கடைக்காரரே செய்துவிடலாம். 72 படங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரே ஓர் அசைவைத் தேர்ந்தெடுத்து அதைச் சுத்தமாகச் செய்தால் போதும், பார்க்கத் தகுந்ததாக வரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதைவிட மலிவாக எதையோ தந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அவை தரும் அசையும் படத்தில் உறையின் எழுத்துகள், குறிப்பாகத் தமிழ் எழுத்துகள், உருக்குலைவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையான பொருளை உண்மையாகவே படம் பிடித்துக் காட்டுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. உணவு விற்பவருக்கு அந்த நேர்மையே விளம்பரத்தின் பாதி பலம் என்று நான் நம்புகிறேன்.

செலவை மட்டும் பார்த்துவிட்டு வரவைப் பார்க்காமல் விடக் கூடாது. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு ஃபிரேமும் முழு அளவுப் புகைப்படம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000-க்கு 4000 புள்ளி அளவில் இருக்கும். அதிலிருந்து தொலைக்காட்சிக்கான அகலப் படத்தையும் வெட்டலாம், கைப்பேசிக்கான 1080-க்கு 1920 நெட்டைப் படத்தையும் தரம் குறையாமல் வெட்டலாம். பொருளைப் படச் சட்டகத்தின் நடுப்பகுதியில் வைத்து எடுக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் போதும், இரண்டு முறை எடுக்கத் தேவையில்லை. அதே படங்களில் நல்லவற்றைத் தேர்ந்து சுவரொட்டிக்கும், கடை முகப்புப் பலகைக்கும், இணையக் கடையின் பொருள் பக்கத்துக்கும் பயன்படுத்தினால், தனியாகப் புகைப்படக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிஞ்சும். பயன்படும் காலமும் கணக்கில் சேர வேண்டும். விளக்கும் கோலமும் வைத்து எடுத்த தீபாவளிக் காணொளி சில வாரங்களே ஓடும். அடுத்த ஆண்டு மறுபடி போட்டால் பழையதாகத் தெரியும். பண்டிகை அடையாளம் இல்லாமல் எடுத்து, கடைசி இரண்டு வினாடியை மட்டும் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று என மூன்று விதமாக எடுத்துக்கொண்டால் ஒரே செலவு ஆண்டு முழுவதற்கும் உதவும். தீபாவளிக்கே வேண்டும் என்பவர்கள் செப்டம்பரில் தேடத் தொடங்கினால் அவசரக் கட்டணம் கொடுக்க நேரிடும். ஜூலையிலேயே வரைபடம் முடிந்திருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை சில. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, கூலி கொடுத்துச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆகவே, கையெழுத்திடும் தாளில் இது குறித்து என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். உரிமை உங்களுக்கு வந்தாலும், வெட்டாத மூலப் படங்கள் ஒப்படைக்கப்படுமா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அவை இல்லாமல் மேலே சொன்ன சுவரொட்டியும் நெட்டைப் படமும் சாத்தியமில்லை. எத்தனை திருத்தங்கள் விலைக்குள் அடங்கும், அவை எந்தக் கட்டத்துக்கு உரியவை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இசைக்கு உரிமம் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்தத் தளங்களுக்கு என்பதும் இருக்க வேண்டும்; பிடித்த திரைப்பாடலை எடுத்துப் போட்டுவிட்டு, தளம் காணொளியின் ஒலியை முடக்கிய பிறகு புது இசைக்காகத் தொகுப்பை மறுபடி பிரிப்பது வீண் செலவு. படப்பிடிப்பு முடிந்ததும் பின்னணியையும் பொம்மைகளையும் யார், எங்கே, எத்தனை மாதம் வைத்திருப்பது என்றும் கேட்டு வையுங்கள். அடுத்த காணொளியில் அவற்றை மறுபடி பயன்படுத்த முடிந்தால், தயாரிப்புக்கு ஒதுக்கிய இரண்டு நாளில் பெரும்பகுதி விலைக்குறிப்பிலிருந்து நீங்கிவிடும்.